புச்சி பாபு நாயுடுவின் தொண்டு

2018-ம் வருஷம் காவிரிக் கிளர்ச்சியை முன்னிட்டு, சென்னையின் தொழில்முறைக் கிரிக்கெட் கோஷ்டி சேப்பாக்கத்தில் ஒரேயோர் ஆட்டம் ஆடிவிட்டுப் புனாவுக்குக் குடிபெயர நேர்ந்தது. சொந்த மைதானத்தை இழந்தோமே என்று வருந்தினோர் பலர். காவிரி நீரினும் ஆட்டம் பெரிதன்று என்றோரும் பலர். சேப்பாக்கம் நம்முடையது என்பதில் மட்டும் இரு சாராருக்கும் ஐயமில்லை. அவ்வுரிமை நமக்கு எவ்விதம் கிட்டிற்று என்று ஆராய்வோமாயின், ஒரு பிரமுகரின் சரிதம் நம் முன் வந்து நிற்கின்றது.

1846-ல் வெள்ளையர் ஸ்தாபித்த சென்னைக் கிரிக்கெட் சங்கம், முதலில் தீவுத்திடலில் ஆடி வந்து, 1865-ல் சேப்பாக்கத்துக்கு இடம் மாறியது. இந்தியர் அங்கு சென்று ஆடலாம். ஆனால் ஆட்டக்காரர் மண்டபத்தில் அவர்களுக்கு இடமில்லை. களத்தில் சமமாக ஓடியவர்கள், உணவு வேளையில் மரநிழலைத் தேடிப் போக வேண்டியிருந்தது.

இந்த அவமதிப்பைச் சகியாதவர் மொத்தவரப்பு வெங்கட மகிபதி நாயுடு. புச்சி பாபு என்றால்தான் யாவரும் அறிவர். 1868-ல் பிறந்து, மயிலாப்பூர் லஸ் மாளிகையில் செல்வச் செழிப்புடன் வளர்ந்த அவர், துரைமாரின் தயவைப் பெற்றுத் தாம் ஒருவர் மட்டும் கௌரவம் அடைந்திருக்கலாம். அதை அவர் நாடவில்லை. 1888-ல், இருபதாவது பிராயத்திலேயே, மதராஸ் யுனைடெட் கிளப்பை ஸ்தாபித்து, எஸ்பிளனேடில் இந்தியருக்கென்று மைதானம் அமைத்தார். மட்டையும் பந்தும் வாங்க வகையற்ற இளைஞருக்குத் தம் கைப்பொருளைச் செலவிட்டு உதவினார். அருகிருந்து பயிற்சியும் அளித்தார்.

தனிச் சங்கத்தோடு அவர் திருப்தியடையவில்லை. இந்தியரும் ஐரோப்பியரும் எதிரெதிரே நின்று ஆட வேண்டுமென்று வெள்ளையர் சங்கத்தாருடன் பேசி, 1908-ம் வருஷ இறுதியில் ஆட்டத்துக்கு ஏற்பாடு செய்தார். அந்தோ! ஆட்டம் தொடங்குமுன்னரே அவர் காலமானார். எனினும் அவர் இட்ட வித்து வீணாகவில்லை. பொங்கல் காலத்து மாகாண ஆட்டமாக அது வேரூன்றி, சுதந்திரத்துக்குப் பின்னும் 1952 வரை நடைபெற்றது.

அவருடைய புதல்வர் பாலையாவும் பட்டும் தந்தை வழியில் ஆட்டத்தை வளர்த்தனர். சுவீகாரம் சென்ற மற்றொரு புதல்வர் கோட்டா ராமசாமி, 1922-ல் டேவிஸ் கோப்பை டென்னிஸிலும், 1936-ல் இங்கிலாந்தில் டெஸ்ட் பந்தயங்களிலும் இந்தியாவுக்காக ஆடினார். 1934 நவம்பர் 4-ந் தேதி, அதே சேப்பாக்கத்தில் ரஞ்சி கோப்பையின் முதற்பந்தை வீசியவர் பழைய செங்கற்பட்டு ஜில்லா மொறப்பாக்கத்தில் பிறந்த எம். ஜே. கோபாலன்.

அதே ஜில்லாவைச் சேர்ந்திருந்ததே காஞ்சியை அடுத்த செவிலிமேடும். அங்கே தறிக்குழியில் காலிட்டுப் பட்டு நெய்பவரின் பிள்ளை, பாலாற்று மணலில் மூன்று குச்சிகளை நட்டு ஆட விரும்பினால், இன்று நிறத்தைச் சொல்லித் தடுப்பார் எவருமிலர். ஆனால் நல்ல மட்டையின் விலையும் பயிற்சியின் செலவும் அவனைத் தடுக்கக்கூடும். சேப்பாக்கத்தில் ஆரவாரிக்கும் நம்மவரில் பொருள் படைத்தோர், தத்தம் ஊரில் ஒரு மைதானத்தைச் செப்பனிட்டு, பத்து ஏழைப் பிள்ளைகளுக்காவது மட்டையும் பந்தும் வாங்கிக் கொடுப்பாராக. புச்சி பாபு செய்தது அதுவே. நாம் அவருக்குச் செய்ய வேண்டிய ஞாபகார்த்தமும் அதுவே.