அதிபத்தர்: கடலுக்கு மீண்ட மீன்

நாகைக் கடற்கரையில் நுளைப்பாடி என்னும் பரதவர் குடியிருப்பில் தோன்றி, அக்குலத்தின் தலைவராய் விளங்கியவர் அதிபத்த நாயனார். சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் பெயர் சுட்டிப் போற்றிய இவரை, நம்பியாண்டார் நம்பி தம் அந்தாதியில் பாடினார். பின்னர் 12ஆம் நூற்றாண்டில், பரங்கிப்பேட்டைக்கு அணித்தாய தில்லையில் அரங்கேறிய பெரியபுராணத்தில், சேக்கிழார் இவர்தம் வாழ்வை விரித்துரைத்தார்.

சேக்கிழார் காட்டும் நுளைப்பாடி வறிய குப்பமன்று. குடில்களின் புறத்தே முகிற்கூட்டம்போல் வலைகள் குவிந்து கிடக்கும். அயலே மீன் விற்ற பொன் குவிந்திருக்கும். திமிலோட்டிகள் கொணரும் மீனே அவ்வூரின் விளைச்சல். அங்கே அதிபத்தர் மேற்கொண்ட நெறி எளியது. நாள்தோறும் வலையிற்படும் மீன்களுள் ஒன்றை இறைவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவார். கண்ணப்பர் வேட்டையாடிய ஊனைத் திருமுன் படைத்தார். அதிபத்தர் பிடித்த மீனை நீருக்கே திருப்பியளித்தார். இருவரும் தம் தொழிலைத் துறந்து பக்திக்கு வந்தவரல்லர், தொழிலையே பக்தியாக்கியவர்கள்.

1653இல் ஆங்கிலேயர் ஐசக் வால்டன், தூண்டில் மீன்பிடிப்பைச் சிந்தனையாளரின் பொழுதுபோக்காகக் கண்டு நூல் யாத்தார். பிடித்த மீனை மீண்டும் நீரில் விடுவது இன்று மேலைநாட்டுத் தூண்டிற்காரர் பலர் போற்றும் மரபு. அவர்களுக்கு அது விளையாட்டின் அறம். அதிபத்தருக்கோ விட்ட மீன் அன்றைய உணவு.

கடல் எப்பருவத்தும் ஒருபடித்தாய் வழங்குவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றும் மழையும் படகுகளைக் கரையில் நிறுத்திவிடுவதை வெள்ளாற்று முகத்துவாரத்து மீனவர் நன்கறிவர். மீன்வளம் பெருகவென 2001 முதல் விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் தடைக்காலம் உண்டு. 2017 முதல் அது ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள்களாக நீண்டது. இத்தடை நாளைய வலை நிறைய இன்று பொறுக்கும் வறுமை. அதிபத்தர் பொறுத்த வறுமைக்கு அத்தகைய நாளையும் இல்லை.

ஒரு காலத்தில் நாளுக்கு ஒரு மீனே அகப்பட்டது. அந்த ஒன்றையும் அவர் கடலில் விட்டார். செல்வம் கரைந்தது, சுற்றத்தார் பசியால் வாடினர், அவருடலும் மெலிந்தது. தலைவர் ஒருவரின் அன்புக்குச் சுற்றமே விலை கொடுத்தது என்பதைச் சேக்கிழார் மறைக்கவில்லை. அடியாரின் உறுதியையும் கிளைஞரின் பசியையும் அருகருகே வைத்த நேர்மையே அக்காப்பியப் புலவரின் பெருமை.

பின்னர் ஒருநாள் மணிகள் பதித்த பொன்மீன் ஒன்று வலையிற்பட்டது. உடனிருந்தோர் வியந்து கூவினர். மீனைப் பொன்னாக்கும் ஊரில் மீனே பொன்னாக வந்தது. அதையும் அவர் அலையில் விட்டார். சிவபெருமான் விடைமேல் தோன்றி ஆட்கொண்டார் என்பது புராணம்.

பொன்மீனை விட்டதையே உலகம் பெரிதும் பேசுகிறது. ஆயினும், பசித்திருக்கும் கிளைஞர் கண்முன் ஒற்றை மீனை விட்ட நாள்களே அரியவை. அந்நாள்களுக்குச் சாட்சி கூவ எவரும் இல்லை. விடையேறி எவரும் வரவுமில்லை. ஆண்டுதோறும் ஆவணி ஆயிலியத்தில் நாகை மீனவர் கடலில் பொன்மீன் விட்டு விழா எடுக்கும்போது, அந்த ஒற்றை மீனும் நினைக்கத் தக்கது.