பொதிகை ஏறிய அறிஞர்

போடிநாயக்கனூரின் மேற்கே, ஏலம் விளையும் மலைச்சாரல்கள் அடுக்கடுக்காய் உயர்ந்து நிற்கின்றன. அங்கிருந்து தெற்கு நோக்கி நீளும் மேற்கு மலைத்தொடர், பொதிகை எனப்படும் அகத்தியர் மலையில் மீண்டும் ஓங்கி நிற்கிறது. தமிழ் முனிவர் உறைந்ததாகத் தொன்மக் கதைகள் போற்றும் அம்மலையின் உச்சியில், 1855ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக்கூடம் எழுந்தது. அதனை நிறுவியவர் ஜான் ஆலன் புரூன் என்னும் அறிஞர்.

புரூன் 1817இல் ஸ்காத்லாந்து நாட்டில் பிறந்தார். எடின்பரோவில் கல்வி பயின்றார். மேக்கர்ஸ்டன் என்னும் ஊரில் இருந்த காந்த ஆய்வுக்கூடத்தை 1842 முதல் 1849 வரை திறம்பட நடத்தினார். பின்னர், திருவிதாங்கூர் மன்னரின் ஆதரவில் திருவனந்தபுரத்தில் இயங்கிய வானாய்வகத்திற்கு 1852இல் தலைவராக வந்து சேர்ந்தார்.

காந்த ஊசி எப்போதும் அசையாமல் வடதிசையையே காட்டும் என்று நாம் கருதுகிறோம். நுண்கருவி கொண்டு நோக்கினால், அது ஓயாமல் சிறிது சிறிதாய் அசைவது புலப்படும். சில நாள்களில் அவ்வசைவு மிகப் பெரிதாகும். அதனைக் காந்தப் புயல் என்பர். இதற்குக் காரணம் யாது? அவ்விடத்து மண்ணா? காற்றா? உயரம் மிகுந்தால் அசைவும் மாறுமா? இவற்றை அறிய, தாழ்ந்த இடத்திலும் உயர்ந்த இடத்திலும் ஒரே வேளையில் அளந்து ஒப்பிடுதல் வேண்டும். அதற்காகவே ஏறத்தாழ 6,200 அடி உயரமுள்ள பொதிகை உச்சியைப் புரூன் தேர்ந்தெடுத்தார்.

அவ்விடத்தை அடைதல் எளிதன்று. யானைகள் திரியும் அடர்ந்த காட்டினூடே வழி அமைக்க வேண்டியிருந்தது. நுட்பமான கருவிகளைப் பழுதுறாமல் மேலே கொண்டு செல்ல வேண்டியிருந்தது. மழையும் மூடுபனியும் கடுங்காற்றும் ஓயாது வருத்தின. அத்துணை இடர்களுக்கிடையிலும், இந்நாட்டு உதவியாளர்கள் இரவும் பகலும் விழித்திருந்து அளவுகளைக் குறித்தனர். அவர்தம் உழைப்பின்றிப் புரூனின் ஆராய்ச்சி நிறைவேறியிராது.

பல ஊர்களின் குறிப்புகளை ஒப்பிட்ட புரூன் அரியதோர் உண்மையைக் கண்டார். காந்த விசை குறைவதும் கூடுவதும் ஓரிடத்திற்கே உரியவையல்ல. அவை உலகம் முழுவதற்கும் பொதுவானவை. மேலும், அம்மாற்றங்களில் சில, ஏறத்தாழ 26 நாள்களுக்கு ஒருமுறை திரும்ப வந்தன. கதிரவன் தன்னைத்தானே சுற்றிக்கொள்வதே அதற்குக் காரணம் என அவர் உணர்ந்தார்.

கதிரவனின் செயல் இங்குள்ள ஊசியை எவ்வாறு எட்டுகிறது என்பது 20ஆம் நூற்றாண்டில்தான் விளங்கிற்று. மின்னேற்றம் பெற்ற துகள்களின் திரளாகிய பிளாஸ்மா, கதிரவனிலிருந்து காற்றுப்போல் வீசுகிறது. புவியின் காந்த மண்டலம் அதனைப் பெரும்பாலும் விலக்கிவிடுகிறது. ஆயினும், புயற்காலத்தில் அம்மண்டலத்தினுள் துகள்கள் பெருகிப் புவியைச் சுற்றி வளையம்போல் மின்னோட்டமாகின்றன. அதன் காந்த விளைவு புவிக்காந்தத்திற்கு எதிரானது. ஆதலின் நிலநடுக்கோட்டை அடுத்த நாடுகளில் கிடைத்தள விசை குறைகிறது. பிளாஸ்மாவில் எழும் அலைகள் சில துகள்களை விரைவுபடுத்துகின்றன. வேறு சிலவற்றைத் தடம் மாற்றி வளிமண்டலத்தில் வீழ்த்துகின்றன. இவ்வாறும் பிறவாறும் துகள்கள் குறைந்த பின்னரே ஊசி தன் நிலைக்கு மீள்கிறது.

இவ்வறிவு இன்று பெரிதும் பயன்படுகிறது. 1989 மார்ச்சில் வீசிய காந்தப் புயலால் கனடாவின் கியூபெக் மாநிலம் ஏறத்தாழ 9 மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தது. செயற்கைக்கோள்களுக்கும் இப்புயல்கள் ஊறு செய்யவல்லவை.

புரூன் 1865இல் பதவியினின்று விலகினார். ஆயினும் ஓய்ந்திராமல், தாம் திரட்டிய அளவுகளை ஆராய்ந்து 1874இல் நூலாக வெளியிட்டார். 1878இல் இலண்டன் வேத்தியற் கழகம் அரச பதக்கம் அளித்து அவரைச் சிறப்பித்தது. மறு ஆண்டே அவர் மறைந்தார். பொதிகைக்குக் கிழக்கே திருநெல்வேலியில் இன்றும் புவிக்காந்த ஆய்வகம் ஒன்று பணியாற்றுகிறது. சிறியதோர் ஊசியின் அசைவையும் பொறுமையுடன் நாள்தோறும் குறித்துவைப்போர்க்கே இயற்கை தன் பெரிய உண்மைகளைப் புலப்படுத்துகிறது.