பகைவரும் போற்றிய பண்பாளர்

பெருந்தகைமை என்றதும் நம் உள்ளம் போர்க்களத்தையே நினைக்கிறது. வீழ்ந்த பகைவனுக்கு இரங்கியவர், கொடுத்த வாக்கைக் காத்தவர் ஆகியோரின் கதைகளைக் கேட்டு நாம் மகிழ்கிறோம். ஆயின் நம்மில் எத்தனை பேருக்குப் போர்க்களம் வாய்க்கிறது? நமக்கு வாய்ப்பவை வீட்டு வாயிலும், மாடிப்படியும், அலுவலக மேசையும், பேருந்துக்காக நிற்கும் வரிசையுமே. இவ்விரு களங்களிலும் ஒரே பண்புடன் ஒழுகிய ஒருவரை இம்மலரில் நினைவுகூர விழைகிறோம். அவரே சுல்தான் சலாவுதீன்.

இன்றைய இராக்கிலுள்ள திக்ரித் நகரில், 1137 அல்லது 1138-ஆம் ஆண்டில், குர்து இனக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். சிறிய தந்தை ஷீர்கூவுடன் எகிப்துக்குப் படையெடுத்துச் சென்ற அவர், 1169-இல் அந்நாட்டின் அமைச்சரானார். 1174-இல் டமாஸ்கஸ் நகரும் அவர் வசமாயிற்று. சிலுவைப்போர் வீரர் 1099-இல் எருசலேமைக் கைப்பற்றியபோது அந்நகர மக்களைக் கொன்று குவித்திருந்தனர். அந்நகரை மீட்பதே சலாவுதீனின் வாழ்நாள் நோக்கமாயிற்று.

1183-இல் அவர் கெரக் கோட்டையை முற்றுகையிட்டபோது உள்ளே ஒரு திருமணம் நிகழ்ந்துகொண்டிருந்தது. மணமகனின் தாய் விருந்துணவில் ஒரு பங்கைப் பகைவராகிய சுல்தானுக்கு அனுப்பினாள் என்பர். மணமக்கள் தங்கும் கோபுரம் எதுவெனக் கேட்டறிந்த சுல்தான், அதன்மீது மட்டும் கல்லெறியலாகாது என ஆணையிட்டார். முற்றுகை நிற்கவில்லை, மரியாதையும் குறையவில்லை.

1187 ஜூலை 4 அன்று ஹத்தீனில் அவர் பெருவெற்றி கண்டார். தோற்றவர்களுள் ஒருவரான பேலியன் என்னும் பிரபு, எருசலேமிலிருந்த மனைவியை அழைத்துவர அனுமதி வேண்டினார். ஓரிரவே தங்குவதென உறுதி கூறிச் சென்ற அவரை, நகர மக்கள் தங்களுக்குத் தலைமை தாங்குமாறு வற்புறுத்தினர். தம் இக்கட்டை அவர் சுல்தானுக்கே தெரிவித்தார். சுல்தான் அவரை உறுதிமொழியிலிருந்து விடுவித்ததுடன், அவர் மனைவியைக் காவலுடன் பத்திரமாக அனுப்பியும் வைத்தார். அக்டோபர் 2 அன்று எருசலேம் பணிந்தது. 1099-இன் படுகொலைக்குப் பழி வாங்கப்படவில்லை. மக்கள் மீட்புப் பணம் செலுத்தி வெளியேறினர். பணமில்லாத முதியோர் பலரைச் சுல்தான் தாமே விடுவித்தார்.

அவரைக் குறையற்றவர் எனக் காட்டுவது நம் நோக்கமன்று. ஹத்தீனில் சிறைப்பட்ட துறவி வீரர்களைக் கொல்ல ஆணையிட்டவரும் அவரே. மீட்புப் பணம் கொடுக்க இயலாத ஆயிரக்கணக்கான ஏழைகள் அடிமைகளாயினர். இக்கறைகளை மறைத்துப் புகழ்வது வரலாறாகாது. எனினும், எதிரியாகிய ரிச்சர்டு மன்னர் 1192-இல் காய்ச்சலில் கிடந்தபோது, பழங்களும் உறைபனியும் அனுப்பியவரை ஐரோப்பா மறக்கவில்லை. இத்தாலியக் கவி தாந்தே அவரைப் பண்டைச் சான்றோர் வரிசையில் வைத்தார். ஆங்கில நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் தம் கதையில் அவரை உயர்த்திப் பாடினார்.

இவையெல்லாம் உலகறிந்தவை. நம் நெஞ்சைத் தொடுபவை வேறு. சுல்தானுடன் பழகிய பகாவுதீன் என்னும் நீதிபதி, தாம் கண்டவற்றை எழுதிவைத்தார். ஒருநாள் களைத்துக் கூடாரத்தில் அமர்ந்திருந்த சுல்தானிடம் ஒரு முதிய பணியாள் விண்ணப்பத்தை நீட்டினான். பிறகு பார்க்கலாம் என்றும் அவன் விடவில்லை. கையொப்பமிட மைக்கூடு இல்லையே என்றார் சுல்தான். அதோ உள்ளே இருக்கிறது என்று அவன் சுட்டிக்காட்டினான். சினங்கொள்ள வேண்டியவர், அவன் சொல்வது மெய்தான் என்று, தாமே கைநீட்டி அதை எடுத்து ஒப்பமிட்டார்.

மற்றொரு நாள் பணியாட்கள் விளையாட்டாக எறிந்த காலணியொன்று சுல்தானின் அருகே வந்து விழுந்தது. அவரோ, காணாதவர்போல் மறுபுறம் திரும்பிப் பேச்சைத் தொடர்ந்தார். நோயிலிருந்து தேறிக் குளிக்கையில், வெந்நீர் மிகச் சூடாயிருந்ததால் தண்ணீர் கேட்டார். கொண்டுவந்தவன் ஒருமுறை அவர்மேல் சிந்தினான்; மறுமுறை பாத்திரம் முழுவதையுமே கவிழ்த்துவிட்டான். தம்மைக் கொல்லும் எண்ணமிருந்தால் முன்பே சொல்லிவிடலாகாதா என வேடிக்கையாக வினவியதோடு அமைந்தார் அப்பேரரசர்.

1193 மார்ச் 4 அன்று டமாஸ்கஸில் அவர் மறைந்தபோது, கருவூலத்தில் அவருக்கென எஞ்சியவை 47 வெள்ளி நாணயங்களும் ஒரு பொற்காசுமே. அடக்கச் செலவுக்கும் கடன் வாங்க வேண்டியதாயிற்று.

மன்னருக்குக் காட்டிய மரியாதையை உலகம் பார்த்திருந்தது. அதனால் புகழ் கிடைத்தது. தண்ணீரைக் கவிழ்த்த பணியாளிடம் காட்டிய பொறுமைக்கு எப்புகழும் எதிர்பார்ப்பதற்கில்லை. ஆதலின் அதுவே உண்மையான உரைகல் எனக் கருதுகிறோம். நம் முன்னோர் கண்ணோட்டம் என்றதும் இதனையே.

பிறந்த ஊரை விட்டு வந்து, பல மொழியினரோடு ஒரே குடியிருப்பில் வாழ்கிறோம் நாம். நம் விழா மேடையில் நாம் பேசும் தமிழைக் கேட்டு அண்டை வீட்டார் நம்மை அளப்பதில்லை. பாத்திரம் துலக்குபவள் கைதவறி உடைத்த கண்ணாடிக் குவளைக்கு நம் வீட்டிலிருந்து எழும் குரல்தான் அவர்கள் காதில் விழுகிறது. அலுவலகம் மூடும் நேரத்தில் மனுவோடு வந்து நிற்கும் முதியவருக்கும் நாம் எடுக்கும் பேனாவே நம்மை அறிவிக்கிறது. மைக்கூட்டுக்குக் கைநீட்டிய அந்தச் சுல்தானை அவ்வேளையில் நினைத்துக்கொள்வோமாக.