அண்டிறீக்கிப் பாதிரியார்

தமிழ் எழுத்து அச்சேறிய ஆண்டு எது என்று நம் மன்றத்தில் கேட்டால், 1578 என்று யாரேனும் உடனே விடையிறுப்பர். கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் என்ற 16 பக்க நூலின் பெயரையும் சொல்வர். அதைத் தமிழில் ஆக்கியவர் யார் என்று கேட்டால்தான் பலர் தயங்குவர். அவருடைய பெயர் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ். நூலின் முகப்பிலோ அண்டிறீக்கிப் பாதிரியார் என்று நிற்கிறார். எனக்கு இந்தப் பெயரே பிடித்திருக்கிறது.

1520இல் போர்ச்சுகல் நாட்டின் விலா விசோசாவில் பிறந்தவர். முதலில் பிரான்சிஸ்கன் துறவியர் சபையில் சேர்ந்தார். முன்னோர் யூதர் என்பதால் அங்கிருந்து வெளியேற நேர்ந்தது. 1545இல் இயேசு சபை அவரை ஏற்றது. மறு ஆண்டே கோவாவுக்கு வந்து சேர்ந்தார். அங்கிருந்து முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார். 1549இல் வேதாளையில் அந்தோனி கிரிமினாலி கொல்லப்பட்டபின் அக்கரைப் பணியின் தலைமை இவர் தோளில் விழுந்தது. பரதவரிடையே வாழ்ந்து, 1600இல் புன்னைக்காயலில் உயிர்நீத்தார்.

நானூறு ஆண்டுக்கு முன் வாழ்ந்த ஒருவரைப் பற்றி இவ்வளவு எப்படித் தெரிகிறது? தம் காலத்துத் தமிழ்ப் புலவர் பலருக்குப் பிறந்த ஊரும் ஆண்டும்கூட நம்மிடம் இல்லையே!

விடை, இயேசு சபையின் ஒரு வழக்கத்தில் இருக்கிறது. சபையை நிறுவிய இஞ்ஞாசியார், தொலைவில் இருக்கும் துறவியர் தவறாது கடிதம் எழுத வேண்டும் என்று வற்புறுத்தினார். 1547இல் அவருடைய செயலாளரான போலாங்கோ அதற்கு விதிகளே வகுத்தார். எல்லாருக்கும் காட்டத்தக்க செய்தி முதன்மைக் கடிதத்தில் வரவேண்டும்; குறைகளும் பூசல்களும் தனித்தாளில் வரவேண்டும். கப்பல் மூழ்கினாலும் செய்தி மூழ்காதிருக்க, இந்தியாவிலிருந்து ஒரே கடிதத்தின் படிகள் வெவ்வேறு கப்பல்களில் சென்றன. ரோமில் அவை சேர்த்து வைக்கப்பட்டன. அந்தத் தனித்தாள்களை எரித்துவிடாமல் காத்ததைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். தன் புகழை மட்டும் சேமிக்கும் நிறுவனங்கள் உலகில் ஏராளம்.

1548இல் இஞ்ஞாசியாருக்கு எழுதிய கடிதத்தில் தாம் தமிழ் கற்ற வகையைப் பாதிரியார் விவரிக்கிறார். மொழிபெயர்ப்பாளனை நம்பியிருந்தவர், வினைச்சொற்கள் காலத்துக்கேற்ப மாறும் முறையைப் பிடித்துக்கொண்டு, சில மாதங்களில் தாமே பேசத் தொடங்கினார். பிறர் பயிலத் தமிழ் இலக்கணம் ஒன்றும் போர்த்துக்கீசிய மொழியில் எழுதினார். அதன் கையெழுத்துப்படி லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருக்கிறது. 1982இல் அச்சாகி, 2013இல் ஆங்கிலத்திலும் வந்தது.

அவருடைய யூத மரபு சபைக்குள் எழுப்பிய சிக்கலும் ஆவணங்களில் இருக்கிறது. அவரை அன்று ஏற்ற அதே சபை, 1593இல் யூத மரபினரைச் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தது. முதியவர் அப்போது உயிரோடுதான் இருந்தார். இதைப் படித்தபோது மனம் கனத்தது.

காகிதங்களும் எளிதில் பிழைக்கவில்லை. 1773இல் போப்பாண்டவர் சபையையே கலைத்தார். 1814இல்தான் அது மீண்டும் உயிர்பெற்றது. 1873இல் ரோமில் இருந்த சபை இல்லங்களை இத்தாலிய அரசு எடுத்துக்கொண்டது. பழைய ஆவணங்கள் நெதர்லாந்துக்குப் போய், 1939இல் ரோமுக்குத் திரும்பின. பின்னர் யோசப் விக்கி என்ற துறவி இந்தியக் கடிதங்களைத் தொகுத்து, 1948 முதல் 1988 வரை 18 தொகுதிகளாக வெளிக்கொணர்ந்தார். நாற்பது ஆண்டு உழைப்பு! அவற்றில் பரதவர் அடிக்கடி வருகின்றனர்; ஆனால் பெரும்பாலும் பாதிரிமார் பார்வையில்தான். பாதிரியாரின் நாவைத் திருத்தித் தமிழ் பழக்கிய ஊரார் என்ன நினைத்தார்கள் என்பதை அறிய எனக்கு ஆவல் தீரவில்லை.

தம்பிரான் வணக்கத்தின் படி இன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உள்ளது. 1586இல் அவர் வெளியிட்ட பெருநூலான அடியார் வரலாற்றின் படி ஒன்றை 1954இல் தனிநாயக அடிகள் வத்திக்கான் நூலகத்தில் கண்டு தமிழுலகுக்கு அறிவித்தார். இயேசு சபையைச் சேர்ந்த இராசமாணிக்கம் அடிகள் அதைப் பதிப்பித்தார். 1967இல் அந்நூல் தூத்துக்குடியிலிருந்து மீண்டும் வெளிவந்தது, 381 ஆண்டுகளுக்குப் பின், அதே முத்துக்குளித்துறையில்.