முற்றுப்பெறாத பூங்கா

மிக்கி எலியைக் கண்டு சிரிக்காத குழந்தை இவ்வுலகில் உண்டோ? அவ்வெலியை உலவவிட்ட வால்ட் டிஸ்னி மறைந்து சற்றேறக்குறைய 60 ஆண்டுகள் ஆகின்றன. அவரைக் கேலிச்சித்திரப் படங்களின் தந்தையாக அறிந்தவர் பலர். ஒரு பூங்காவின் சிற்பியாக அறிந்தவர் சிலரே. பூவிருந்தவல்லிக்கும் திருப்பெரும்பூதூருக்கும் இடையே நாள்தோறும் பேருந்தில் செல்லும் நம் மாணவர்க்குப் பழஞ்சூர் குயின்ஸ்லேண்ட் பூங்காவின் பெயர் பழக்கமானது. முதன்முறை ராட்டினம் ஏறியவன் மறுமுறை ஏன் வரவேண்டும்? வண்ணம் மங்கி, வியப்பும் மங்கிய விளையாட்டை என்ன செய்வது? இவ்வகைப் பூங்கா நடத்துவோர் அனைவரும் எதிர்நோக்கும் இவ்வினாவைப் பேரளவில் எதிர்கொண்டவருள் ஒருவர் டிஸ்னி எனலாம்.

அவர் 1901ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 5ஆம் நாள் சிகாகோ நகரில் பிறந்தார். தந்தை எலியாஸ் கண்டிப்பு மிக்கவர். தொழில் பல செய்தும் நிலைபெறாதவர். மிசௌரி மாநிலத்து மார்சலின் என்னும் சிற்றூரில் சில ஆண்டுகள் குடும்பம் உழுது பிழைத்தது. அவ்வூரின் கடைத்தெருவும், ஊரூடே ஓடிய இருப்புப்பாதையும் சிறுவன் நெஞ்சில் ஆழப் பதிந்தன. பின்னர்க் கான்சாஸ் நகரில் தந்தை செய்தித்தாள் விநியோகம் எடுத்தார். விடியுமுன் எழுந்து, பனியிலும் மழையிலும் வீடுவீடாகத் தாள் போட்டான் சிறுவன். அதற்குத் தந்தை கூலி கொடுத்தாரில்லை. வீட்டிற்குச் சற்றுத் தொலைவில் மின்விளக்குகள் ஒளிரும் கேளிக்கைப் பூங்கா ஒன்று இருந்தது. அந்த ஒளியும் அவன் மனத்தை விட்டு அகலவில்லை.

முதல் உலகப்போர் முடிந்த வேளையில் பிரான்சு நாட்டில் செஞ்சிலுவைச் சங்க வண்டி ஓட்டியது, கான்சாஸ் நகரில் தொடங்கிய படக் கம்பெனி 1923இல் திவாலானது, அதே ஆண்டு ஹாலிவுட் சென்று அண்ணன் ராயுடன் கூட்டுச் சேர்ந்தது ஆகியவற்றை விரித்துரைக்க இடமில்லை. 1928இல் தாம் வளர்த்த ஆஸ்வால்டு என்னும் முயல் பாத்திரத்தின் உரிமை பிறர் கையில் இருந்ததால் அதனை இழந்தார். அவ்விழப்பினின்று பிறந்ததே மிக்கி எலி. 1937இல் ஸ்னோ ஒயிட் முழுநீளப் படம் வெளிவந்து அவர் புகழை நிலைநாட்டியது.

அவரைத் தெய்வமாக்கிப் பாடுவோர் 1941ஆம் ஆண்டை மறந்துவிடுவர். அவ்வாண்டு அவருடைய படக்கூடத்துச் சித்திரக்காரர்கள் சங்கம் கோரி வேலைநிறுத்தம் செய்தனர். ஊதியத்தில் ஒழுங்கு வேண்டும், படத்தில் தம் பெயர் வேண்டும் என்பன போன்ற அவர்தம் குறைகள் நியாயமானவை. டிஸ்னியோ அதனைத் தமக்கிழைத்த துரோகமாகவே கருதினார். அக்கசப்பு கடைசிவரை தீரவில்லை. தொழிற்சாலைகள் சூழ்ந்த ஒரகடம் வட்டாரத்தில் வாழும் நாம் இதனை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். தம் கையால் வளர்த்த நிறுவனம் தம் குடும்பமே என எண்ணும் முதலாளிக்குத் தொழிலாளியின் கணக்கு எளிதில் புரிவதில்லை.

டிஸ்னிக்குப் புதல்வியர் இருவர். விடுமுறை நாட்களில் அவர்களை லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கிரிஃபித் பூங்காவுக்கு அழைத்துச் செல்வார். மக்கள் மரக்குதிரை ராட்டினத்தில் சுற்ற, தந்தை பலகையில் அமர்ந்து வேர்க்கடலை கொறிப்பார். அக்காலக் கேளிக்கைப் பூங்காக்கள் பலவற்றில் வண்ணம் உதிர்ந்திருக்கும், தரையெல்லாம் குப்பை கிடக்கும், பணியாட்கள் முகம் கடுத்திருப்பர். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழத் தூய்மையான இடம் ஒன்று வேண்டும் என்னும் எண்ணம் அப்பலகையில் முளைத்தது என்பர். பின்னாளில் அவர் தம் பூங்காவில் அமைத்த ராட்டினத்தில் குதிரைகள் அத்தனையும் பாய்ச்சல் குதிரைகளாகவே இருக்கவேண்டும் எனக் கட்டளையிட்டார். நிற்கும் குதிரையில் ஏற எந்தக் குழந்தைதான் விரும்பும்!

1948இல் சிகாகோ இரயில் கண்காட்சியையும், மோட்டார் மன்னர் ஹென்றி போர்டு அமைத்த கிரீன்ஃபீல்டு பழமைக் கிராமத்தையும் கண்டு திரும்பியதும் பூங்காத் திட்டம் உருப்பெற்றது. அண்ணன் ராய் முதலில் இசையவில்லை. டிஸ்னி தம் ஆயுள் காப்பீட்டின் மேல் கடன் வாங்கினார். பாலைவனத்தில் கட்டிய ஓய்வில்லத்தையும் விற்றார். ஏ.பி.சி. தொலைக்காட்சி நிறுவனம் உதவ முன்வந்த பின்னரே வழி திறந்தது. அனகைம் என்னும் இடத்தில் 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோப்பு வாங்கப்பெற்றது. ஓராண்டுக்குள், ஒரு கோடியே எழுபது இலட்சம் டாலர் செலவில், டிஸ்னிலாந்து 1955 ஜூலை 17ஆம் நாள் திறக்கப்பட்டது. அன்று கடும் வெயில். புதிதாய்ப் போட்ட தார் இளகிப் பெண்களின் காலணிக் குதிகள் புதைந்தன. போலிச் சீட்டுடன் ஆயிரக்கணக்கானோர் நுழைந்தனர். குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் குடிநீருக்கும் தட்டுப்பாடு. எனினும் இரண்டு மாதம் முடியுமுன் வந்தோர் தொகை பத்து இலட்சத்தை எட்டியது.

இவ்வளவில் பலர் வரலாற்றை முடித்துவிடுவர். என் கருத்தில் சுவையான பகுதி இதன் பின்னரே தொடங்குகிறது. திரைப்படம் ஒன்று கொட்டகைக்குப் போய்விட்டால் அதில் ஒரு காட்சியைக்கூடத் திருத்த இயலாது. இது டிஸ்னியை நெடுநாள் வருத்திய குறை. பூங்காவோ மரம்போல் வளரக்கூடியது. ஆகவே அதனை முடிந்த பொருளாக அவர் ஒருநாளும் கருதியதில்லை. முதலாண்டிலேயே வெறும் மண்மேட்டைச் சுற்றிவந்த படகுச் சவாரி ஒன்று நகைப்புக்கு இடமாயிற்று. அதனை உடனே நிறுத்தி, கரைகளில் கதைப்புத்தகச் சிற்றூர்களைச் சிறு உருவில் அமைத்து, 1956இல் மீண்டும் திறந்தார்.

காட்டாற்றுப் படகுச் சவாரியின் கதை இன்னும் சிறந்தது. ஒருமுறை அதன் வாயிலருகே நின்றபோது, தாய் ஒருத்தி இதைத்தான் முன்பே பார்த்தாயிற்றே எனக் கூறிப் பிள்ளைகளை வேறுபக்கம் அழைத்துச் சென்றது அவர் காதில் விழுந்ததாம். அச்சொல் அவரைச் சுட்டது. மார்க் டேவிஸ் என்னும் ஓவியரைக் கொண்டு புதுக்காட்சிகள் வரையச் செய்தார். 1962இல் அவ்வாற்றில் இந்திய யானைகள் கூட்டமாய் நீராடும் குளம் ஒன்று தோன்றியது. எல்லாம் இயந்திர யானைகளே. நம் நாட்டு யானை அங்கே நீர் பீய்ச்சிக் கூட்டம் சேர்த்தது என்பதில் நமக்கும் சிறு பெருமை உண்டு.

கருவியைப் புதுக்கினால் போதாது, நடத்துவோரும் சோர்தல் கூடாது என்பது அவர் கொள்கை. இதே சவாரியில் ஒருநாள் அவர் ஏறியபோது ஏழு நிமிடம் ஓடவேண்டிய படகு நாலரை நிமிடத்தில் கரை சேர்ந்தது. மேற்பார்வையாளரைக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டார். படகோட்டிகளுக்கு மீண்டும் பயிற்சி அளிக்கப்பட்டது. சில வாரம் கழித்து வந்தவர் ஒரு படகோடு நில்லாமல், அடுத்தடுத்துப் பல படகுகளில் ஏறிச் சோதித்தார். நல்ல ஓட்டுநரை மட்டும் அனுப்பி ஏய்க்க முடியாதல்லவா!

விரைவில் முதுமை எய்தியது எது தெரியுமா? எதிர்காலத்தைக் காட்டிய 'நாளைய உலகம்' என்னும் பகுதியே! பணமும் நாளும் போதாமையால் அரைகுறையாய்த் திறக்கப்பட்ட அப்பகுதி 1986ஆம் ஆண்டை முன்கூட்டிக் காட்ட முயன்றது. 1959இல் ஒற்றைத் தண்டவாள வண்டி, நீர்மூழ்கிக் கப்பல், குழாய்த் தண்டவாளத்தில் மலையினின்று சறுக்கும் மாட்டர்ஹார்ன் வண்டி ஆகிய மூன்றும் ஒருங்கே சேர்ந்தன. அதுவும் போதவில்லை. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய்த் தொழிற்சாலையில் 1998இல் புதுமையாய் வெளிவந்த சான்ட்ரோ காருக்குப் பின் எத்தனை மாதிரிகள் வந்துவிட்டன! புதுமையை விற்பவன் ஓயாது புதுக்கவேண்டியிருக்கிறது.

1964-65 நியூயார்க் உலகக் கண்காட்சியில் பெருநிறுவனங்களின் செலவில் புதுக்காட்சிகள் பல செய்தார் டிஸ்னி. கண்காட்சி முடிந்ததும் அவற்றைத் தம் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். பிறர் பணத்தில் பரிசோதனை, தமக்கு நிலைத்த ஆதாயம்! இக்கெட்டிக்காரத்தனத்தை மெச்சாமல் இருக்க முடியவில்லை. போர்டு நிறுவனத்துக்கான காட்சியில், தடத்தில் பதித்த உருளைகள் சுழன்று கார்களை நகர்த்தின. பழுக்கக் காய்ந்த எஃகுக் கட்டிகள் ஆலையில் உருளைகளின் மேல் செல்வதைக் கண்டதே இவ்வமைப்புக்கு வித்தாயிற்று என்பர். இதனைத் தழுவியே, மக்களை மெல்லச் சுமந்து செல்லும் மேம்பாலச் சிறுவண்டியைப் புதுக்கிய நாளைய உலகத்துக்குத் திட்டமிட்டனர்.

அதனைக் காண அவர் இல்லை. நுரையீரல் புற்றுநோயால் 1966 டிசம்பர் 15ஆம் நாள், 65ஆம் வயதில், காலமானார். புதுக்கிய பகுதி 1967 ஜூலையில் திறக்கப்பட்டது. ஃபுளோரிடாவில் அவர் வாங்கிய நிலத்தில் அண்ணன் ராய் இரண்டாம் பூங்காவை 1971 அக்டோபரில் திறந்துவைத்து, அவ்வாண்டு டிசம்பரிலேயே மறைந்தார்.

அதன்பின் புதுக்குவோர்க்கு இருதலைக் கொள்ளி நிலை. தொட்டால் டிஸ்னியின் கைவண்ணத்தை அழித்ததாகப் பழி. தொடாவிடில் பழசு என்று ஏச்சு. 1983இல் செய்தது நல்ல வேலை: 1955இல் சிக்கனத்துக்காகக் கூடாரமுகப்புடன் விடப்பட்ட கற்பனையுலகப் பகுதியை ஐரோப்பியச் சிற்றூர்போல் மாற்றிக் கட்டினர். பழைய ஸ்னோ ஒயிட் சவாரியில், ஏறுபவரே ஸ்னோ ஒயிட் என்பது கற்பனை. ஆகவே அவள் உருவம் எங்கும் இல்லை. அது பலர்க்கும் விளங்காமற் போனதால் புதியதில் அவளைச் சேர்த்தனர். மேம்பாலச் சிறுவண்டியின் கதை வேறு. 1995இல் அது நிறுத்தப்பட்டது. 1998இல் அதே பழைய தடத்தில் வேகவண்டியை ஓட்டினர். வளைவுகளைச் சாய்த்துக் கட்டச் செலவழிக்க மனமில்லாததால், ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைத்துக் குறைத்து ஓடிய அவ்வண்டி அடிக்கடி பழுதாகி, 2000ஆம் ஆண்டு நின்றுபோயிற்று. வண்டி ஓடாத அத்தடம் அதன் பின்னும் பல்லாண்டு தூண்களின் மேல் நின்றது.