கடலடியில் ஒரு பாரத வீரன்

பிரெஞ்சு தேசத்து நாந்த் நகரில் 1828-ம் வருஷம் பிறந்தார் ஜூல்ஸ் வெர்ன். வக்கீலாகிய தந்தை இவரையும் சட்டம் பயிலப் பாரிஸுக்கு அனுப்பினார். இவர் மனமோ பேனாவையே நாடியது. 1863-ல் வெளியான பலூன் யாத்திரைக் கதை இவருக்குப் புகழ் தந்தது. 1905-ல் அமியான் நகரில் உயிர் நீத்தபோது இவர் எழுதியிருந்த நாவல்கள் 50-க்கு மேல்.

சமுத்திரத்தின் அடியில் மின்சாரத்தால் ஓடும் இவரது கப்பலைக் கண்டு உலகம் வியந்தது. நாம் வியக்க வேண்டியவனோ அதன் தலைவன் நெமோ. அவனைப் போலந்து வீரனாக்கவே வெர்ன் எண்ணினார். ருஷ்ய வாசகரை இழக்க அஞ்சிய பிரசுரகர்த்தர் தடுத்தார். ஆகவே 1870-ல் முடிந்த அக்கதையில் அவன் தேசம் மறைபொருளாயிற்று. ஆயினும் மன்னார்க் கடலில் ஏழை முத்துக்குளிப்பவன் ஒருவனைச் சுறாவினின்று காத்து, முத்துப் பையொன்றையும் ஈந்து, அடிமை நாட்டு மக்களே தன் இனத்தாரென அவன் உணர்த்துகிறான்.

1875-ல் ‘மர்மத் தீவு’ திரையை விலக்கியது. நெமோ, புந்தேல்கண்டத்து இளவரசன் டக்கார். 1857-ல் அன்னிய ஆட்சியை எதிர்த்துப் போரிட்டுத் தோற்று, மனைவி மக்களை இழந்தவன். ஆங்கிலேயர் கலகமென்று இகழ்ந்த போரின் வீரனிடமே, பாரத பூமியை மிதித்தறியாத வெர்ன் விஞ்ஞானத்தின் உச்சியை ஒப்படைத்தார்.

எனினும் மரணத் தறுவாயில் நெமோ, மனிதரை நீங்கித் தனித்து வாழ முடியுமென்று நம்பியதே தன் பிழையென உணர்கிறான். ஜனங்களைப் பிரிந்த வீரம் பழி தீர்க்கும், விடுதலை தராது. தேசத் தொண்டர்கள் வெர்னிடம் கற்கத்தக்க பாடம் இதுவே.