வாழைமரக் குடிலின் கவிஞர்

ஜங்லிகாட்டிலும், இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேரின் பிற பகுதிகளிலும் ஜப்பான் என்ற பெயர் 1942 முதல் 1945 வரை நிகழ்ந்த ஆக்கிரமிப்பின் துயரையே நினைவூட்டும். அப்படைகள் கட்டிய காவல் அரண்கள் கடலோரத்தில் இன்றும் நிற்கின்றன. அதே நாட்டில், வாளேந்தும் மரபில் பிறந்தும் கைத்தடியும் தூரிகையுமே துணையாக நடந்த ஒரு கவிஞரும் வாழ்ந்தார்.

மாட்சுவோ பாஷோ 1644-இல் இகா நாட்டின் உவெனோவில் பிறந்தார். பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே தந்தையை இழந்து, தோடோ யோஷிததா என்ற பிரபுவின் மைந்தரிடம் பணிபுரிந்தார். இருவரையும் கவிதை நண்பர்களாக்கியது. 1666-இல் யோஷிததா இளம் வயதிலேயே மறைந்தார். பின்னர் எடோ நகரம் சென்ற பாஷோ, புகழ்மிக்க கவிதை ஆசானாக விளங்கினார்.

ஆயினும் 1680-இல் அனைத்தையும் விட்டு, ஆற்றங்கரைக் குடிலொன்றில் குடியேறினார். சீடர் ஒருவர் தந்த வாழைக்கன்று அங்கே வளர்ந்தது. அது உண்ணத்தக்க கனி தராத வகை. காற்றில் இலை கிழிவதே அதன் அழகு. மழைக்காலக் காற்றில் கொல்லை வாழை படும் பாட்டை அறிந்த அந்தமான் மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாஷோ என்றால் வாழை. அதுவே அவர் பெயராயிற்று. புட்சோ என்ற துறவியிடம் ஜென் தியானமும் பயின்றார். 1682-இல் குடில் தீக்கிரையானது. மறு ஆண்டு தாயும் மறைந்தார்.

1684-இல் நெடும்பயணம் புறப்பட்டார். ஃபுஜி ஆற்றங்கரையில் கைவிடப்பட்ட சுமார் மூன்று வயதுக் குழந்தை அழுதுகொண்டிருந்தது. கையிலிருந்த உணவை அதற்கு அளித்துவிட்டு அவர் மேலே நடந்தார். அது சரியா என்று படிப்பவர் மனம் கலங்கும். அவரும் கலங்கினார், மறைத்திருக்கக் கூடிய அந்நிகழ்ச்சியைத் தம் பயண நூலிலேயே எழுதிவைத்தார். சொந்த ஊரை அடைந்தபோது, தமையனார் காட்டிய தாயின் வெண்கூந்தலைக் கண்டு கண்ணீர் உகுத்தார்.

1689-இல் சோரா என்ற சீடருடன் வடநாடு நோக்கிச் சுமார் 2,400 கிலோமீட்டர் பயணம் செய்தார். அதன் விளைவே ஓக்கு நோ ஹொசோமிச்சி என்னும் நூல். பதினேழு ஒலிகளில் அடங்கும் சிறு கவிதை, வெறும் சொல்விளையாட்டாக இருந்த நிலையிலிருந்து உயர்ந்து, பின்னாளில் ஹைக்கூ எனப் பெயர் பெற்றதில் அவர் பங்கு பெரிது. அவ்வடிவத்தை மகாகவி பாரதியார் 1916-இலேயே சுதேசமித்திரன் வாயிலாகத் தமிழருக்கு அறிமுகம் செய்தார்.

1694-இல் ஒசாகாவில் வயிற்றுநோயால் பாஷோ படுத்த படுக்கையானார். மரணக் கவிதை எழுதுவது அக்கால வழக்கம். அதைத் தனியே எழுத அவர் விரும்பவில்லை. நோயினிடையே பயணக் கனவொன்றைப் பற்றிய கவிதையைச் சொல்லி எழுதச் செய்து, சில நாட்களில் கண்மூடினார். அவர் விருப்பப்படியே ஓட்சுவிலுள்ள கிசூஜி ஆலயத்தில், கிசோ யோஷினாகா என்ற பழைய போர்வீரரின் சமாதிக்கு அருகில் அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது.